பாட்டி சொன்ன மந்திரி குமாரி

மலை உச்சி. ஓர் ஆண், ஒரு பெண். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். பாட்டுப் பாடிக்கொண்டே அவளை மேலே மேலே கூட்டிக்கொண்டு போகிறான். அவளும் சிரித்துக்கொண்டே போகிறாள். உச்சிக்குப் போனதும் பாட்டு நின்றுவிடுகிறது. 'உன்னைக் கொல்லத்தான் இங்கே கூட்டி வந்தேன்' என்கிறான்.

அவள் அழவில்லை. ஓடவில்லை. 'சாவதற்கு முன்னால் உங்களை மூன்று முறை வலம் வந்து கும்பிட்டுக்கொள்கிறேன்' என்று கேட்கிறாள். சாகப்போகிறவளின் கடைசி ஆசை, அதுவும் புருஷனைக் கும்பிடுகிற ஆசை. எந்த முட்டாள் வேண்டாம் என்பான்? முதல் சுற்று. இரண்டாவது சுற்றில் கொஞ்சம் நின்று, குனிந்து, கால் விரலில் இருந்த மெட்டியைக் கழற்றி மடியில் முடிந்துகொள்கிறாள். மூன்றாவது சுற்றில், பின்பக்கம் வந்ததும், ஒரே தள்ளு.

இது என் பாட்டி சொன்னபடி. ஆத்தூரில் டூரிங் டாக்கீஸ் மணலைக் குவித்து, அதன்மேல் உட்கார்ந்து 'மந்திரி குமாரி' பார்த்த தலைமுறை அவர். "நம்மூருப் படம் கண்ணு அது" என்பார். நம்மூர் என்றால் சேலம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படங்கள் எல்லாமே ஆத்தூர்க்காரர்களுக்குச் சொந்தப் படங்கள்தான். அந்த மலை ஏற்காடு மலைதான் என்று சத்தியம் செய்கிற பெரியவர்களை நீங்கள் இன்றைக்கும் ஆத்தூர் டீக்கடைகளில் பார்க்கலாம்.

சரி. அந்தப் பெண் அவனைத் தள்ளிவிட்டது 1950-ல் அல்ல. அவள் பல நூற்றாண்டுகளாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறாள். ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவர் அவளை மறுபடி மலையேற்றியிருக்கிறார். எப்படி என்று பார்ப்பதற்கு முன்னால், என்னோடு ஒரு சின்னப் பயணம் வாருங்கள்.

ஆத்தூரிலிருந்து கிழக்கே தலைவாசல். அங்கிருந்து ஆறகளூர்ப் பக்கம் போனால் தியாகனூர் என்று ஒரு கிராமம். சுற்றிலும் வயல். அந்த ஊரில் இரண்டு பெரிய புத்தர் சிலைகள் இருக்கின்றன. கண்மூடி, காலை மடக்கி, மடியில் கைமேல் கை வைத்து, தியானத்தில் உட்கார்ந்த கோலம். புத்தர் என்றதும் உங்களுக்கு காஞ்சிபுரமோ நாகப்பட்டினமோதானே ஞாபகம் வரும்? ஆத்தூர் பக்கம் யாருக்காவது தோன்றுமா?

பக்கத்திலிருக்கிற ஆறகளூர் சாதாரண ஊர் இல்லை. வசிஷ்ட நதிக்கரையில், பிற்காலச் சோழர் காலத்தில் வாணகோவரையர்கள் தலைநகராக வைத்து ஆண்ட ஊர். அவர்கள் ஆண்ட பகுதிக்குப் பெயர் என்ன தெரியுமா? மகதை மண்டலம். மகதையா, மகதமா, புத்தரின் மகதமா என்று உடனே துள்ளாதீர்கள். நானும் முதலில் துள்ளினேன். பெயர் ஒத்துப்போகிறது என்பதற்காக வரலாறு எழுத ஆரம்பித்தால் முடிவே கிடையாது. ஆனால் சிலைகள் பெயர் இல்லை, கல். கல் இருந்தால் கும்பிட்டவர்கள் இருந்திருப்பார்கள். கும்பிட்டவர்கள் இருந்தால் அவர்கள் பிள்ளைகளுக்குச் சொன்ன கதைகளும் இருந்திருக்கும். அப்படித் தமிழ்நாட்டு பௌத்தர்கள் சொன்ன கதைகளில் ஒன்றுதான் நம் மலை உச்சிக் கதை.

ஐம்பெருங்காப்பியங்கள் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே. சிலப்பதிகாரம், மணிமேகலை, சீவக சிந்தாமணி, வளையாபதி, குண்டலகேசி. கடைசி இரண்டும் வெறும் பெயராக நம் வாயில் தங்கிவிட்டன. குண்டலகேசியை எழுதியவர் நாதகுத்தனார் என்ற பௌத்தர். புத்தகம் முழுசாகக் கிடைக்கவில்லை. இன்றைக்குக் கையில் இருப்பவை 19 பாடல்கள். அவ்வளவே.

ஆனால் அவள் நாதகுத்தனாரின் கற்பனையும் அல்ல. அவருக்கு முன்னாலேயே இருந்தவள். பாலி மொழியில் 'தேரீகாதை' என்று ஒரு நூல் உண்டு. புத்தரின் வழிக்கு வந்த பிக்குணிகள் பாடியதாகச் சொல்லப்படும் பாடல்களின் தொகுப்பு. உலகத்தில் பெண்கள் பெயரால் கிடைக்கிற மிகப் பழைய தொகுப்புகளில் அதுவும் ஒன்று. அதில் பத்தா குண்டலகேசா என்ற பிக்குணியின் பெயரில் ஐந்து பாடல்கள் இருக்கின்றன.

அந்த ஐந்து பாடல்களில் மலை உச்சி கிடையாது. திருடன் கிடையாது. தள்ளுதல் கிடையாது. முன்பு ஒற்றை ஆடையோடு அலைந்தது, புத்தரைப் பார்த்தது, அவர் வா என்று அழைத்தது, அங்கம், மகதம், காசி, கோசலம் என்று ஐம்பது வருஷம் பிச்சையேற்றுத் திரிந்தது, தனக்கு ஆடை தந்தவனுக்குப் புண்ணியம் உண்டு என்பது... இவ்வளவுதான். புருஷனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளைப் பொறுத்தவரை அது சொல்லத்தக்க விஷயமாகவே படவில்லை போலிருக்கிறது!

மலை பின்னால் வந்தது. உரைகாரர்கள் கொண்டு வந்தார்கள். தேரீகாதைக்கு உரை எழுதிய தர்மபாலர், தென்னிந்தியக் கடலோர விகாரை ஒன்றில் வாழ்ந்தவர் என்பது பௌத்த மரபு. அதாவது நம் பக்கத்து ஆள். அந்த உரைக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ராஜகிருகத்தில் ஒரு பெருஞ்செல்வரின் மகள் பத்தா. ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். ஒரு திருடனைக் கொலைக்களத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள். அவன் சாதாரணத் திருடன் இல்லை, அரசனின் புரோகிதருடைய மகன். பார்த்த மாத்திரத்தில் காதல். கிடைத்தால் அவன், இல்லாவிட்டால் சாவு என்று படுத்துவிடுகிறாள். அப்பா என்ன செய்வார்? காவலருக்கு லஞ்சம் கொடுத்து அவனை மீட்டு, குளிப்பாட்டி, மாப்பிள்ளையாக்கி வைக்கிறார். ஆனால் அவன் கண் அவள் நகைமேல். மலைத் தெய்வத்துக்கு நேர்த்திக்கடன் என்று சொல்லி உச்சிக்குக் கூட்டிப் போகிறான். மீதி உங்களுக்குத் தெரியும்.

ஆனால் உரையில் கதை அங்கே முடிவதில்லை. உண்மையில் அங்கேதான் ஆரம்பிக்கிறது. புருஷனைக் கொன்றுவிட்டு வீட்டுக்குத் திரும்ப முடியாது. சமணத் துறவிகளிடம் போய்ச் சேருகிறாள். தலைமுடியைப் பறிக்கிறார்கள். அது மறுபடி வளரும்போது குண்டலம் குண்டலமாகச் சுருண்டு வளர்கிறது. குண்டலகேசி என்ற பெயர் அதனால்தான். வாதம் கற்கிறாள். ஊர் ஊராகப் போகிறாள். ஊர் வாசலில் மணலைக் குவித்து ஒரு நாவல் மரக்கிளையை நட்டுவைப்பாள். 'என்னோடு வாதம் செய்யத் தைரியம் உள்ளவர் இதை மிதிக்கட்டும்' என்று சின்னப் பையன்களைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போவாள். பல ஊர்களில் கிளை வாடிப்போனதுதான் மிச்சம், மிதிக்க ஆள் இல்லை.

ஒருநாள் சாரிபுத்தர் வந்தார். பையன்களைக் கூப்பிட்டு, 'மிதியுங்கடா' என்றார். ஊரே திரண்டு வேடிக்கை பார்த்தது. அவள் கேட்டதற்கெல்லாம் அவர் பதில் சொன்னார். பிறகு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். 'ஒன்று என்பது எது?' அவளால் பதில் சொல்ல முடியவில்லை.

இந்தப் பெண்ணைத்தான் நாதகுத்தனார் தமிழுக்குக் கொண்டு வந்தார். அப்படியே தூக்கி வரவில்லை. தமிழ் மரபில் திருடனுக்குக் காளன் என்று பெயர். கொலைக்குக் காரணமும் மாறிவிட்டது. கணவன் மனைவி ஊடலில், விளையாட்டாக 'நீ கள்வன்தானே' என்று சொல்லிவிடுகிறாள். அவனுக்குச் சுருக்கென்று தைத்துவிடுகிறது. கவனித்தீர்களா? பாலியில் பேராசை. தமிழில் ரோஷம். அகப்பாட்டில் ஊறிய ஊர், ஊடல் இல்லாமல் கொலைகூடச் செய்யாது. இரண்டில் எது பயங்கரம் என்று கேட்டால் நான் தமிழைத்தான் சொல்வேன். நகைக்காகக் கொல்கிறவனிடம் நகையைக் கொடுத்துவிட்டுத் தப்பிக்கலாம். ரோஷக்காரனிடம் எதைக் கொடுப்பது?

இப்போது ஒரு நியாயமான சந்தேகம் உங்களுக்கு வரவேண்டும். 19 பாட்டுதான் கிடைத்தது என்கிறாய், ஊடலெல்லாம் எப்படித் தெரிந்தது?

நான் படித்தது பி.காம். இலக்கியக் கோட்பாடுகள் எனக்கு வராது, கணக்கு கொஞ்சம் வரும். ஒரு கடை தீப்பிடித்துக் கணக்குப் புத்தகம் எல்லாம் எரிந்துபோய்விட்டது என்று வையுங்கள். ஆடிட்டர் என்ன செய்வார்? அந்தக் கடையோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர்களின் புத்தகங்களை வாங்கிப் பார்ப்பார். அதில் கடையின் பெயரில் ஒரு பக்கம் இருக்கும். அதை வைத்துத் திருப்பி எழுதுவார். குண்டலகேசிக்கும் அதுதான் நடந்தது. என்ன ஒரு வேடிக்கை என்றால், அந்த இன்னொரு புத்தகம் எதிராளியுடையது.

நீலகேசி என்று ஒரு சமண நூல். எழுதியவர் பெயர் தெரியாது. குண்டலகேசியில் சமணம் தோற்று பௌத்தம் ஜெயித்தது அல்லவா? அதற்குப் பழிக்குப் பழியாக எழுதப்பட்டது அது. அதன் கதாநாயகி யார் தெரியுமா? பழையனூர் நீலி. ஆமாம், இன்றைக்கும் 'நீலிக்கண்ணீர்' என்கிறோமே, அந்த நீலிப் பேய்தான். ஒரு சமண முனிவரைக் கெடுக்க வந்த பேய், அவர் உபதேசத்தில் மனம் மாறி, தானே வாதம் செய்யக் கிளம்புகிறது. முதலில் தேடிப் பிடித்துத் தோற்கடிப்பது யாரை? குண்டலகேசியைத்தான். அப்புறம் பௌத்த ஆசிரியர்கள், கடைசியில் புத்தரையே, பிறகு ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி என்று ஒருவர் பாக்கியில்லை.

யோசித்துப் பாருங்கள். எதிரியின் கதாநாயகியைப் பிடிக்கவில்லை. ஆனால் எதிரியின் உத்தி பிடித்துவிட்டது. ஊர் ஊராகப் போய் வாதம் செய்கிற பெண் என்ற அச்சை அப்படியே எடுத்துக்கொண்டு, உள்ளே தன் மதத்தை ஊற்றினார் அந்தப் பெயர் தெரியாத கவிஞர். பாராட்டுவதைவிடப் பெரிய பாராட்டு இது. நீலகேசிக்கு உரை எழுதிய சமய திவாகர வாமன முனிவர், வாதத்தை விளக்குவதற்காகக் குண்டலகேசியின் கதையைச் சொன்னார், அதன் பாடல்களைக் குறிப்பிட்டார். புறத்திரட்டு என்ற தொகுப்பிலும் வீரசோழிய உரையிலும் சில பாடல்கள் ஒட்டிக்கொண்டு தப்பின. பௌத்தர்கள் தமிழ்நாட்டில் இல்லாமல் போனார்கள். அவர்களுடைய காப்பியத்தைத் தோற்கடிக்க எழுதிய நூலே அந்தக் கதையைச் சுமந்து வந்தது.

அந்தச் சுமையும் எங்கேயோ ஏட்டுச் சுவடியில் கிடந்தது. 1936-ல்தான் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நீலகேசியை உரையோடு அச்சில் கொண்டு வந்தார். அதற்குப் பதினான்கே வருஷத்தில் அந்தப் பெண் டூரிங் டாக்கீஸ் திரையில் மலையேறிவிட்டாள்.

கைபிடித்து ஏற்றியவர் மு. கருணாநிதி. அப்போது அவருக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது. குண்டலகேசியிலிருந்து ஒரு கருவை எடுத்து 'மந்திரி குமாரி' என்று நாடகம் எழுதினார். அதை வாங்கியவர் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம். இங்கிலாந்தில் ஜவுளித் தொழில் படித்துவிட்டு வந்து, சேலத்தில் ஏற்காடு மலையடிவாரத்தில் சினிமாக் கம்பெனி நடத்தியவர். கதை எங்கே கிடைத்தாலும் விடமாட்டார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல் 'திகம்பர சாமியார்' ஆனது. ஹாலிவுட் கத்திச்சண்டைப் படம் ஒன்று 'சர்வாதிகாரி' ஆனது. அரபு தேசத்துக் கதை 1956-ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' ஆகி, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்று பெயர் வாங்கியது. பௌத்தக் கதை மட்டும் என்ன பாவம் செய்தது?

இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன். அமெரிக்கர். தமிழ் தெரியாது. 1936-ல் எம்.ஜி.ஆரை முதன்முதலாகத் திரையில் காட்டிய 'சதிலீலாவதி'யும், எம்.எஸ். சுப்புலட்சுமியின் 'மீரா'வும் அவர் படங்கள். மந்திரி குமாரி பாதியில் இருக்கும்போது டங்கன் ஊரைப் பார்க்கப் போய்விட்டார். மீதியை சுந்தரம் முடித்தார். பாலியிலிருந்து தமிழுக்கு, பௌத்தரிடமிருந்து சமணருக்கு, சமணரிடமிருந்து பகுத்தறிவுக்காரருக்கு, அவரிடமிருந்து தமிழ் தெரியாத ஓர் அமெரிக்கருக்கு! ரிலே ரேஸில்கூட இவ்வளவு வித்தியாசமான கைகள் மாறாது.

படத்தில் எம்.ஜி.ஆர். தளபதி. ஆனால் படம் அவருடையதல்ல. மந்திரியின் மகளாக வந்த மாதுரிதேவியும், அவளை மயக்கும் கொள்ளைக்காரன் பார்த்திபனாக வந்த எஸ்.ஏ. நடராஜனும் சேர்ந்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஜி. ராமநாதன் இசையில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய அந்த மலையேறும் பாட்டு, கொலைக்கு அழைக்கிற பாட்டு என்பதே மறந்து இன்றைக்கும் காதல் பாட்டு வரிசையில் ஒலிபரப்பாகிறது. எத்தனை பேர் கல்யாண வீட்டு ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்களோ!

இப்போது அந்தப் பார்த்திபன் யாருடைய மகன் என்று கவனியுங்கள். ராஜகுருவின் மகன். எம்.என். நம்பியார் நடித்த ராஜகுரு. தர்மபாலர் உரையில் திருடன் யாருடைய மகன்? புரோகிதரின் மகன். அங்கே அது ஒரு போகிறபோக்குத் தகவல். மந்திரி குமாரியில் அதுதான் முதுகெலும்பு. அரசனை ஆட்டிவைக்கிற ராஜகுரு, அவர் பிள்ளை ராத்திரியில் கொள்ளைக்காரன் என்றால், 1950-ல் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு யாரைச் சொல்கிறார்கள் என்று விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

படத்தில் நாவல் மரக்கிளை கிடையாது. சாரிபுத்தர் கிடையாது. அந்த வாதம் காணாமல் போய்விட்டது என்று தமிழறிஞர்கள் வருத்தப்படலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாதம் எங்கே போயிற்று தெரியுமா? வசனத்துக்குள் போயிற்று. அடுக்கடுக்காகக் கேள்வி கேட்டு, எதிராளி வாயடைத்து நிற்கும்போது கொட்டகையே கைதட்டுகிற அந்தப் பாணி இருக்கிறதே, அதை 1950-களின் புது மோஸ்தர் என்று எல்லோரும் எழுதினார்கள். மணலைக் குவித்து நாவல் கிளை நட்டு ஊரைக் கூட்டிய சமாசாரம்தான் அது என்பது என் கட்சி. குண்டலகேசிக்கும் நீலகேசிக்கும் பிறந்த பேரப்பிள்ளை. நீங்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் கிளையை மிதிக்கலாம்.

அப்படியானால் இதெல்லாம் திருட்டா என்று ஒரு நண்பர் கேட்டார். உரைகாரர் பாட்டுக்குச் சொந்தக்காரியிடம் கேட்காமல் மலையைச் சேர்த்தார். நாதகுத்தனார் ஊடலைச் சேர்த்தார். நீலகேசிக்காரர் கதாநாயகியையே தோற்கடித்தார். கருணாநிதி புத்தரின் இடத்தில் அரசியலை வைத்தார். கேள்வி நியாயமானதுதான். அதிலும் கடைசியில் நஷ்டப்பட்டது யார் என்று பார்த்தால் அந்த பிக்குணிதான். ஐம்பது வருஷம் நடந்த நடையைத் தன் ஐந்து பாட்டில் சொன்னவள். நாம் ஞாபகம் வைத்திருப்பது அவள் வாழ்க்கையில் ஒரே ஒரு நிமிஷத்தை, அதுவும் அவள் சொல்லாத நிமிஷத்தை. இந்தக் கணக்கு எனக்கு இன்னும் நேர் ஆகவில்லை.

சேலத்தில் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் கோயில் என்று ஒன்று இருப்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அது முனியப்பன் இல்லை, புத்தர் என்று வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தொல்லியல் துறையை அனுப்பிப் பார்க்கச் சொன்னது. தாமரைப் பீடம், தியான முத்திரை, நீண்ட காது, தலையில் சுருள்முடி, துண்டாகி மறுபடி ஒட்டவைக்கப்பட்ட கழுத்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, புத்தர்தான் என்று அறிக்கை கொடுத்தார்கள். 2022-ல் நீதிமன்றமும் அதை ஏற்றுத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு சரி. ஆனால் ஒன்று யோசிக்கிறேன். முனியப்பன் என்று பெயர் சொல்லிப் படையல் வைத்த அந்த ஜனங்கள் இல்லாவிட்டால், நீதிபதி பார்ப்பதற்குச் சிலையே இருந்திருக்குமா? நீலகேசி உரைகாரர் செய்த வேலையைத்தான் அவர்களும் செய்திருக்கிறார்கள், தங்களுக்கே தெரியாமல்.

மாடர்ன் தியேட்டர்ஸ் இன்றைக்கு இல்லை. சேலத்திலிருந்து ஏற்காடு போகிற சாலையில் அதன் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. ஜனங்கள் அதன் முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டு மலையேறப் போகிறார்கள்.

நான் மந்திரி குமாரியை முழுசாகப் பார்த்தது வி.சி.டி. காலத்தில். பாட்டி அப்போது ஆத்தூர் வீட்டுத் திண்ணையில் இருந்தார், கண் பார்வை போய்விட்டிருந்தது. படத்தைப் போட்டுவிட்டு மலை உச்சிக் காட்சிக்காகக் காத்திருந்தேன். பாட்டு முடிந்தது. சுற்ற ஆரம்பித்தாள். முதல் சுற்று. இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்று. தள்ளிவிட்டாள். ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டி இன்னொரு தடவை பார்த்தேன். மெட்டி இல்லை.

ஊருக்குப் போனபோது பாட்டியிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"இல்லையா? அப்ப அவனுங்க எடுக்க மறந்திருப்பானுங்க கண்ணு."